பானெட்டுக்கு அந்தப் பக்கம்

அந்தத் தெருவில் அவருக்குக் குடுவிடு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பி, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார். கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி குடித்தனம். கடைக்குள் ஒரு கார் நிற்கலாம். இரண்டாவது கார் வந்தால் அதன் பின்பாதி தெருவில்தான் நிற்கும். அந்தக் கடையிலிருந்து நாள் முழுக்க வெளியே கேட்டது இரண்டே சொல். "குடு" என்பார், இன்ஜின் உறுமும். "விடு" என்பார், அடங்கும். முப்பத்தொரு வருடம் ஒருவர் இதையே கத்திக்கொண்டிருந்தால் தெரு வேறு என்னதான் பெயர் வைக்கும், பாவம்.

கத்தியது மனைவியிடம். கோபத்தில் இல்லை, தொழிலே அப்படி.

காரில் ஆல்டர்நேட்டர் என்று ஒன்று இருக்கிறது. பழைய ஆட்கள் டைனமோ என்பார்கள். வண்டி ஓடும்போது மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்புவது அதன் வேலை. அதிலிருந்து பேட்டரிக்கு விரல் தடிமனில் ஒரு கேபிள் போகும். கேபிளின் ஒரு முனை இன்ஜினோடு சேர்ந்த ஆல்டர்நேட்டரில் இருக்கிறது, மறுமுனை வண்டியின் உடம்போடு சேர்ந்த பேட்டரியில். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆக்சிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் ஒரு பக்கம் சாயும், விட்டால் திரும்பும். வண்டியின் உடம்பு சாயாது. ஆகவே இரண்டுக்கும் நடுவே கேபிளைக் கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். தொய்வு கூடினால் சுற்றுகிற பெல்ட்டில் போய் மாட்டிக்கொள்ளும். குறைந்தால் இழுபட்டு ஏதாவது தகட்டு விளிம்பில் உரசும். உரசி உரசி மேல்தோல் போய், உள்ளே இருக்கிற செம்பு தகட்டைத் தொட்டால் தீதான். சாவியை அணைத்தாலும் அந்தக் கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் வேலை முடிந்ததும் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைப் பட்டென்று மிதித்துப் பட்டென்று விட வேண்டும். இன்னொருவர் பானெட்டுக்குக் கீழே தலையை விட்டு, இன்ஜின் சாயும்போது கேபிள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இது இரண்டு ஆள் வேலை.

அந்த இரண்டாவது ஆள் ஒரு காரையும் ஒரு அடி கூட ஓட்டியதில்லை. ஆனால் அவள் மிதிக்காத கார் அந்த ஊரில் குறைவு. "இந்தா, வா" என்று இவர் கத்தியதும் அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள். குள்ளம் என்பதால் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தால்தான் கால் எட்டும். பெரிய கார்களுக்கு சோபா வண்டி என்று பெயர் வைத்திருந்தாள். சோபா வண்டி வந்துவிட்டால் கூப்பிடுவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

இன்னொரு வசதியும் இருந்தது. பானெட் திறந்திருக்கும்போது அவருக்கு அவள் முகம் தெரியாது, அவளுக்கு அவர் முகம் தெரியாது, அவரால் எழுந்து ஓடவும் முடியாது. குடும்பத்தின் முக்கியமான பேச்செல்லாம் அந்தத் தகட்டைத் தாண்டித்தான் நடந்தது.

"உங்க தங்கச்சி பேசினா."

"குடு."

"வீடு மாத்தறாங்களாம்."

"விடு."

"விடுறதாவது, சாமான் ஏத்த நீங்கதான் போகணுமாம்."

மகளின் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் முடிந்தது. "பையன் நல்லவனாத் தெரியறான், குடுக்கலாமா?" என்று அவள் கேட்டபோது இவர் கேபிளையே பார்த்துக்கொண்டு "குடு" என்றாராம். அவள் உள்ளே போய் உடனே பையன் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். இன்றுவரை அந்தச் சம்மதம் பெண்ணுக்கா ஆக்சிலேட்டருக்கா என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது அதிர்ஷ்டம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த முதல் வாரம், ஆல்டர்நேட்டர் மாற்ற ஒரு வண்டி வந்தது. மாற்றினார், கேபிளைக் கட்டினார், பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "இந்தா, வா" என்று கத்தினார். கத்திய பிறகுதான் உறைத்தது. வண்டிக்காரர் வாசலிலிருந்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்றார். இவர் இல்லை என்று தலையாட்டினார். தலை பானெட்டுக்குள் இருந்ததால் அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. வேறு கடையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று சொல்லி அந்த வண்டியை அனுப்பிவைத்தார்.

எதிர்க்கடையில் பூட்டுக்குச் சாவி வெட்டுகிறவர் இருக்கிறார். நல்ல மனிதர். "நான் வந்து மிதிக்கட்டுமா?" என்று அவராகவே வந்து உட்கார்ந்தார். மிதித்தார். இன்ஜின் அலறிய அலறலில் தெருநாய்கள் எழுந்து ஓடின. விடு விடு என்று இவர் கத்த, பதற்றத்தில் அவர் இன்னும் அழுத்தினார். அதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அடுத்து ஒரு கட்டையை இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்துப் பார்த்தார். கட்டை அழுத்தினால் அழுத்தியபடியே இருக்கும். இன்ஜின் சாய்வது அந்தப் பட்டென்ற மிதியில்தான். கட்டைக்குப் பட்டென்று மிதிக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு இன்ஜின் பக்கத்து கேபிள் வேலைகளையே அவர் விட்டுவிட்டார். ஹாரன், விளக்கு, வைப்பர் என்று ஒரு ஆளே செய்து பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை மட்டும். கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்றார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

சில நாள் அவர் வாயைத் திறக்கவே காலை பதினோரு மணி ஆகிவிடும். முதல் வாடிக்கையாளர் வந்து என்ன ஏது என்று கேட்டால், குரல் துருப்பிடித்துக் கிடக்கும். இரண்டு தடவை செருமினால்தான் வார்த்தை வரும். மத்தியானச் சாப்பாட்டை, கடையில் எந்தக் கார் நிற்கிறதோ அதில் ஏறி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஓட்டுநர் இருக்கையில் இல்லை, அதற்குப் பக்கத்து இருக்கையில். ஏன் என்று சாவிக்காரர் கேட்டதற்கு வீட்டுக்குள் புழுக்கம் என்றார். கதவைச் சாத்திய காருக்குள் மட்டும் காற்று கொட்டுகிறதாக்கும். அவருக்கு யாராவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மகள் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறாள், ஒரு கல்லூரியில் நூலகர். அம்மா போனதிலிருந்து அவள் வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. அந்தச் சனிக்கிழமையும் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்குதுப்பா. கடையை மூடிட்டு வந்துடுங்க."

"வந்து? உங்க வீட்டு ஃபேனைத் துடைச்சுட்டு இருக்கவா?"

"இங்க மட்டும் என்ன பண்றீங்க? யாரோட பேசறீங்க? உடம்புக்கு ஒண்ணுன்னா யார் பார்ப்பா?"

"எனக்கு யாரும் வேண்டாம்" என்றார் அவர். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "என் வேலையை நான் ஒருத்தனே பார்த்துப்பேன். இத்தனை மாசமா பார்க்கலையா?"

 சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், கைப்பையை எடுத்துக்கொண்டாள். போனால் போகட்டும் என்று அவரும் முறைப்பாகத்தான் வாசலுக்கு வந்தார். அவள் வண்டியைக் கிளப்பியபோது டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. இன்ஜின் ஓடும்போது அது எரியக் கூடாது.

பானெட்டைத் திறந்து பார்த்தார். ஆல்டர்நேட்டர் பக்கத்து முனையில் கேபிள் பச்சையாகப் பூத்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. போகிற வழியில் மலைப்பாதை இருக்கிறது. இப்படியே அனுப்ப முடியாது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினார், பழைய கேபிளை எடுத்துத் தரையில் போட்டார், புதுசாகச் சிவப்புக் கேபிள் அளந்து வெட்டினார். கை பழகிய வேலை. ஆனால் மனசுக்குள் இத்தனை மாதப் பயம் ஒன்று உட்கார்ந்திருந்தது: தொய்வு கூடி பெல்ட்டில் மாட்டிவிட்டால்? அந்தப் பயத்தில் கத்தரி கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. அதையே மாட்டி முடித்தார்.

மகள் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலே அடி தூரம். "கொஞ்சம் உள்ள உக்காரும்மா" என்றால் போதும். இந்தக் கடையில் வளர்ந்தவள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூட வேண்டாம். ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லி அரை மணி நேரம் கூட ஆகவில்லையே. வாய் ஒட்டிக்கொண்டது. அவரே ஏறி உட்கார்ந்து பட்டென்று மிதித்துவிட்டு, இறங்கி முன்பக்கம் ஓடினார். அறுபத்தோரு வயசு. அவர் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் அதன் இடத்துக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. மறுபடியும் ஏறினார், மறுபடியும் ஓடினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"டெஸ்ட்டு."

அவள் சிரிக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்றாள். பேட்டரி விளக்கு அணைந்திருந்தது. வண்டி தெருமுனை திரும்பியது.

முக்கால் மணி நேரம் கழித்து, தரையைப் பெருக்கும்போது பழைய கேபிள் காலில் இடறியது. எடுத்து ஓரமாக வைக்கப் போனவர், அதன் வளைவைப் பார்த்தார். பல வருடம் ஒரே மாதிரி வளைந்து கிடந்ததில் இன்ஜின் பக்கம் ஒரு சின்ன வளையம் அப்படியே தங்கியிருந்தது. கம்பெனிக்காரன் விட்ட தொய்வு. சிவப்புச் சுருளிலிருந்து எவ்வளவு வெட்டினார் என்பது அவருக்குத் தெரியும். பழைய கேபிளை நீட்டி மேசையில் வைத்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார். அவர் போட்டது நாலு விரல் குறைவு.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். சமதரையில் நிதானமாகப் போகும்வரை ஒன்றும் ஆகாது. மலை ஏறும்போது, லாரியை முந்தும்போது மிதிப்பாள். இன்ஜின் சாயும். கேபிள் விறைத்துக்கொண்டு அந்தத் தகட்டு விளிம்பில் அறுபடும். அவசரத்தில் கேபிளுக்கு மேல் உறைகூட மாட்டவில்லை.

போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் உடனே அடித்தார் என்றுதான் சொல்ல ஆசை. அடிக்கவில்லை. ஒருவேளை உரசாதோ என்று யோசித்தார். அவள் மெதுவாகத்தானே ஓட்டுவாள் என்று யோசித்தார். சொன்னால் "பார்த்தீங்களா?" என்று கேட்பாளே, அதற்கப்புறம் கடையும் இல்லை, வீடும் இல்லை, மாடி அறைதான் என்றும் யோசித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பெற்ற பெண் எரிகிற வண்டியில் உட்கார்ந்திருக்கலாம், இவருக்குக் கௌரவம் பெரிதாகப் போயிற்று. அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

அடித்தார். அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், துண்டித்தாள். மூன்றாவது தடவையும் துண்டித்தாள். ஒரு தடவைக்கு மேல் யாருக்கும் போன் அடிக்காத மனிதர், ஐந்தாவது தடவை அடித்தபோது எடுத்தாள்.

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன்ப்பா. போய்ச் சேர்ந்து பேசறேன்னு சொன்னேன்ல?"

"ஓரமா நிறுத்து."

"ஏன், உங்களுக்கு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணும் இல்லை. முதல்ல நிறுத்து. சாவியை அணை. எங்க இருக்க?"

"மலைக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க் வருமே, அதைத் தாண்டி கொஞ்ச தூரம்."

"பங்க்ல நிறுத்தாதது நல்லதாப் போச்சு. பானெட்டைத் திற. எதையும் தொடாதே. புதுசா ஒரு சிவப்புக் கேபிள் தெரியுதா? அது இரும்புத் தகடு ஒண்ணை ஒட்டிப் போகும். அந்த இடத்துல என்ன இருக்கு, பார்த்துச் சொல்லு."

லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. 

"சிவப்பு கிழிஞ்சிருக்கு" என்றாள். "உள்ள ஏதோ மினுங்குது. நகம் அளவுக்கு."

"அது செம்பு. டிக்கியில டூல்ஸ் பை இருக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு. பேட்டரியில மைனஸ் போட்ட முனையை மட்டும் கழட்டித் தள்ளி வை. ஸ்பேனர் வேற எங்கயும் படக் கூடாது."

அவள் கழற்றினாள். முடிந்தது என்றாள்.  அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். "நாலு விரல் குறைச்சு வெட்டிட்டேன். யாராவது உள்ள உக்காந்து மிதிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அது ஒரு ஆளால பார்க்க முடியாது."

"பார்த்தீங்களா?" என்ற வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"நான் இங்கயே இருக்கேன்" என்றாள். "ஸ்கூட்டர்ல மெதுவா வாங்க."

இருபத்தெட்டு கிலோமீட்டர். கேபிள் சுருள், உறைக் குழாய், ரப்பர் வைத்த கிளிப், பழைய கேபிள் எல்லாவற்றையும் பையில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு போனார். கடையைப் பூட்டினாரா என்று நினைவில்லை. சாவிக்காரர் பார்த்துக்கொள்வார். போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பழைய கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து வெட்டினார். முழு நீளத்துக்கும் உறை மாட்டினார். சூடான குழாய்ப் பக்கம் போகாமல் தள்ளி, தகட்டு விளிம்பை விட்டு இரண்டு விரல் ஒதுக்கி, மூன்று இடத்தில் கிளிப் போட்டு இறுக்கினார். இன்ஜினிலிருந்து உடம்புக்குத் தாவுகிற இடத்தில் அந்தச் சின்ன வளையத்தை விட்டார். ப்ளஸ்ஸை மாட்டி, கடைசியாக மைனஸ்ஸை மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கொஞ்சம் உள்ள உக்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். இவர் பானெட்டுக்குக் கீழே குனிந்தார்.

"குடு."

மிதித்தாள். இன்ஜின் சாய்ந்தது, கேபிள் கூடவே வளைந்து கொடுத்தது.

"விடு."

திரும்பியது. எங்கேயும் தொடவில்லை. முப்பத்தொரு வருடம் பார்த்த கண்ணுக்கு ஒரு தடவை போதும். பானெட்டை மூடிவிட்டு அவளை அனுப்பியிருக்கலாம், இருட்டுவதற்குள் மலை ஏறியிருப்பாள்.

"குடு" என்றார்.

மிதித்தாள்.

"அம்மா மாதிரி மிதிக்கறேனா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அவ இன்னும் பட்டுன்னு மிதிப்பா. விடு. குடு."

"வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டேன், லேட்டாகும்னு."

"விடு."

"திட்டலை. மாமா நல்லா இருக்காங்களான்னுதான் கேட்டார்."

அவர் கேபிளைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். குனிந்தபடியே, கையை வண்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். "குடு" என்றார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ.

"இன்னுமா உரசுது?"

"இல்லைம்மா. முதல் தடவையே சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குப்பா?"

பானெட் நடுவில் நின்றது. அவள் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"தனியா இருக்க முடியலைம்மா" என்றார். "அவ இல்லாம முடியலை."

 வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வருவாள், மாடி அறையைப் பற்றி மறுபடி ஆரம்பிப்பாள் என்று நினைத்தார். அவள் இறங்கவில்லை. அவர் கேட்காமலேயே இன்னொரு தடவை மிதித்தாள்.